சங்கிலிப்பாண்டியின் வலது கன்னம்

சங்கிலிப்பாண்டிக்கு வாதம் அடித்தபோது அவர் கையில் கத்திரி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பாதித் தலை வெட்டி முடிந்திருந்தது. கத்திரி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போன சங்கிலியும் அதோடு சேர்ந்து விழுந்தார். பாதித் தலையோடு அந்த மனிதர்தான் ஆட்டோ பிடித்து, அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மீதித் தலையை அவர் எங்கே போய் வெட்டிக்கொண்டார் என்று இன்றுவரை தெரியவில்லை. நினைவு தெளிந்ததும் சங்கிலிக்கு வந்த முதல் கவலை அதுதான் என்றால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே விளங்கிக்கொள்ளலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோயிலுக்குப் போகிற வழியில், 'சங்கிலி சலூன்' எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஒரு சுழல் நாற்காலி, எதிரே ஒரு பெரிய கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. கடை அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். துபாயில் வேலை பார்க்கிற ஒருவர் லீவில் வந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். சவரக் கத்தியைப் பிடித்தால் சங்கிலிக்கு அப்படி ஒரு கை.

அந்தக் கைதான் போய்விட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு உடம்பு தேறியது. குழறிய பேச்சும் சரியாகிவிட்டது. வலது கை மட்டும் மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. முகத்திலும் வலது பாதி மரத்துப்போயிற்று. அந்தக் கன்னத்தில் கொசு கடித்தாலும் அவருக்குத் தெரியாது.

சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்தார்கள். வந்த ஆட்கள் எல்லாம் கோயம்புத்தூர், சென்னை என்று பறந்துவிட்டார்கள். கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கட்டடத்தின் சொந்தக்காரர் நவநீதகிருஷ்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பருத்தி வியாபாரம் பார்த்து ஓய்ந்த பெரிய மனிதர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"சங்கிலி, மொபைல் கடை வைக்கணும்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். பூட்டுன கடைய எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருக்கது? ஆடிப்பூரம் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள கடைக்கு ஆள் வந்து போச்சுன்னா உனக்கே. இல்லன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் சங்கிலி விழுந்ததில் சங்கிலிக்கு அடுத்தபடி கஷ்டப்பட்டவர் அவர்தான். அவருக்குச் சர்க்கரை உண்டு. முகத்தில் லேசாகக் கீறினாலும் புண் ஆற வாரக்கணக்காகும். அதனால் வருஷக்கணக்காகச் சங்கிலியைத் தவிர ஒருவர் கையிலும் முகத்தைக் கொடுத்ததில்லை. சங்கிலி படுத்த நாளிலிருந்து மனிதர் சவரமே செய்துகொள்ளவில்லை. நெஞ்சுவரை வெள்ளைத் தாடி தொங்கியது. திருச்செந்தூருக்கு நேர்ச்சையா என்று தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

அவர் போன பிறகு மாரிச்செல்வி வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவள். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையைப் பிணைத்துவிடுகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மில் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள், சங்கிலியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருந்தாள்.

"ஏங்க, நான் படிக்கட்டுமா?"

"என்னத்தட்டி?"

"உங்க வேலைய."

சங்கிலி சிரித்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது. அவர் வம்சத்தில் பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சவரக் கத்தியை எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. அப்படி ஒரு எண்ணமே யாருக்கும் வந்ததில்லை. மாரிச்செல்வி சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த நேரம் கழித்து அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ராஜபாளையத்தில் ஏசி சலூன் வைத்திருக்கிற சதீஷ் மாடியில் பயிற்சி வகுப்பும் நடத்துகிறான். தொழில் முறையில் சங்கிலிக்குப் பழக்கம். போனில் கேட்டதும், "அனுப்பி விடுங்கண்ணே, அக்காவுக்கு நானாச்சு" என்றான். முதல் நாள் துணைக்குப் போன சங்கிலி அந்த மாடியைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டார். வரிசையாக பொம்மைத் தலைகள். அவற்றுக்கு முன்னால் சீப்பும் கத்திரியுமாக எல்லாத் தெருக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். மில் ஆட்குறைப்பில் வெளியே வந்தவர்கள், இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள், கனடாவுக்குப் போக இந்தத் தொழில்தான் சுலபம் என்று கேள்விப்பட்டு வந்த சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர். இந்தத் தொழிலின் பெயரைச் சொல்லித் தன்னைத் திட்டிய தெருக்களிலிருந்து ஆட்கள் வந்து, பொம்மைத் தலைக்கு முன்னால் பயபக்தியோடு நிற்பதைச் சங்கிலி பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் வரவில்லை. வியப்பாகத்தான் இருந்தது. தன் தொழில் இவ்வளவு பெரிய காரியமா என்று அன்றைக்குத்தான் அவருக்கு முதன்முதலாகத் தோன்றியது.

மாரிச்செல்விக்குக் கத்திரி சீக்கிரம் வந்தது. மெஷின் கட்டிங்கும் வந்தது. சவரம் என்று வந்ததும் சதீஷ் கையை விரித்தான்.

"அக்கா, பலூன்ல நுரையத் தடவிப் பழகலாம். அதுக்கு மேல உசுருள்ள மூஞ்சி வேணும். இங்க ஒருத்தன் மூஞ்சிய இன்னொருத்தன் தொட விடமாட்டேங்கான். பயந்து சாவுதானுக."

பலூன் கட்டு ஒன்றோடு மாரிச்செல்வி வீட்டுக்கு வந்தாள். ஊதிய பலூனில் சோப்பு நுரையைத் தடவி, அது வெடிக்காமல் கத்தியால் நுரையை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். முதல் வாரம் முழுக்க அந்த வீட்டில் தீபாவளிதான். சுவர், காலண்டர், சாமி படம் எல்லாம் நுரை. எதிர் வீட்டுக்காரர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு எண்ண ஆரம்பித்தார்கள், கடைசியில் வெடிச்சத்தம் கேட்காத நாளில் வந்து என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். பலூன் வெடிப்பது நின்றுவிட்டது, அதுதான் ஆச்சு.

"இனி மூஞ்சி வேணும்" என்றாள் மாரிச்செல்வி.

"இங்கதான் ஒண்ணு சும்மா கெடக்கே" என்று சங்கிலி தன் முகத்தைக் காட்டினார்.

பூட்டிய கடையைத் திறந்து, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றும், உட்கார்ந்தால் மேலே விசிறியில் படிந்திருக்கிற தூசி முழுக்கத் தெரிகிறது என்றும் அன்றுதான் கண்டுகொண்டார்.

சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கத்தியைப் பிடி என்றார். எப்படி என்று அவள் கேட்டாள். இப்படி என்று சொல்ல வந்தவரின் வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. இடது கையால் காட்டிப் பார்த்தார். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை, சும்மா தப்புத் தப்பாகக் காட்டியது. ஆயிரக்கணக்கான முகங்களை வழித்த மனிதருக்குக் கத்தியை எந்த விரலில் தாங்கினோம், எந்த விரலால் அடக்கினோம் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு முகத்தை வழித்துப் பார்த்தார். சுண்டுவிரல் எப்போதும் கன்னத்தில் லேசாக ஊன்றி நின்றது. இடது கைக் கட்டைவிரல் தோலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டது. காதுப் பக்கம் போகும்போது மூச்சு தானாக நின்றது. உதட்டுக்கு மேலே வரும்போது உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியது. ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய அவருக்குப் புல்லரித்தது.

"ஏட்டி மாரி, இம்புட்டு வேலையா செஞ்சோம் நாம? ஒண்ணுகூட எனக்குத் தெரியாம நடந்திருக்கே!"

மறுநாளிலிருந்து பாடம் ஓடியது. மாரிச்செல்வி நுரை போட்டுக் கத்தியை வைத்ததும் அவருடைய இடது கன்னம் பேச ஆரம்பித்துவிடும். "அழுத்துத. எடு. கத்தியப் படுக்கப் போடு. இன்னும் கொஞ்சம். ம்ம், அதான். இப்ப கை நடுங்குது. நடுங்குனா வைக்காத, தள்ளி நில்லு." தன் கை மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவர் ஒருநாளும் அறிந்ததில்லை. சவரத் தொழிலாளிக்கு அது கிடைக்காத பாக்கியம். இப்போது கன்னத்தில் கத்தி நகர்கிற ஒவ்வொரு நூலளவும் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததையெல்லாம் சொன்னார். ஓயாமல் சொன்னார்.

இடப்பக்கம் ஒருவழியாக முடிந்து வலப்பக்கம் வந்தார்கள். அங்கே கத்தி வைத்த மாத்திரத்தில் சங்கிலிக்கு ஒரே ஆனந்தம்.

"ஆகா! இந்தப் பக்கம் அருமையா வருதுட்டி. உறுத்தவே இல்ல பாரு. இப்பிடித்தான் வரணும், போ, போ."

நுரையில் சிவப்பாக ஒரு கோடு ஓடுவதை மாரிச்செல்வி பார்த்தாள். கையை எடுக்கப் போனாள். வாத்தியாரோ போ போ என்கிறார். தொழில் தெரிந்தவர் சொல்கிறார், நமக்குத்தான் கண் சரியில்லை போலிருக்கிறது என்று அந்த அப்பாவி மேலும் இழுத்தாள். "சபாஷ்" என்றார் சங்கிலி. கடைசியில் துண்டை வைத்துத் துடைத்தபோது துண்டு முழுக்க ரத்தம்.

மாரிச்செல்வி துண்டைப் போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு இது ஏலாதுங்க. நான் மில்லுக்கே போறேன்." சங்கிலி கண்ணாடியைப் பார்த்தார். வலது கன்னத்தில் ரத்தம் நாலு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அப்படி அவர் சிரித்ததே இல்லை.

"ஒலகத்துலயே, ரத்தம் வர வர சபாஷ் போட்ட வாத்தியார் நான் ஒருத்தந்தாண்டி! செத்த கன்னத்துல கேட்டா அது நல்லாருக்குன்னுதான சொல்லும்?"

அழுதுகொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வந்து படிகாரத்தைத் தேய்த்துவிட்டாள். அன்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். இடது கன்னத்துக்குச் சங்கிலி பாடம் சொல்வார். வலது கன்னத்துக்குக் கத்தி வந்தால் அவர் வாயைத் திறக்கக்கூடாது. அங்கே அவளாகப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியே நாள் ஓடிற்று. தினமும் மழிக்க அவ்வளவு முடி முளைக்காது, ஆனாலும் தினமும் கத்தி ஓடியது. மடவார் வளாகத்திலேயே பளபளப்பான முகம் அவருடையதுதான் என்று தெருவில் கேலி பேசினார்கள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு முகம் கழுவும்போது சங்கிலியின் இடது கை தற்செயலாக வலது கன்னத்தில் பட்டது. கன்னத்துக்குத்தான் உணர்ச்சியில்லை, கைக்கு உண்டு. அவர் அப்படியே நின்றுவிட்டார். இடது கன்னத்தைத் தடவினார். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி வலது கன்னத்தைத் தடவினார். கீழிருந்து மேலாக, முடிக்கு எதிராகத் தடவினார். ஒரு சொரசொரப்புக் கிடையாது. தான் சொல்லிக்கொடுத்த கன்னத்தைவிட, சொல்லிக்கொடுக்காத கன்னம் ஒருபடி மேலே இருந்தது. தன் வாழ்நாளில் தன் கையால் யாருக்கும் அப்படி ஒரு சவரம் வந்ததில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதை ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுப்படிக்குப் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"வலப்பக்கம் நீ என்ன செய்யித?"

தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் தப்பு எதுவும் செய்துவிட்டோமோ என்று பயந்தாள். "ஒண்ணும் செய்யலங்களே. இடப்பக்கம் நீங்க பேசிக்கிட்டே இருக்கீக, கவனம் பூராம் உங்க வாயில போயிருது. அந்தப் பக்கம் யாரும் பேசலையா, அதான் கத்திக்கு முன்னால வெரல விட்டுப் பாத்துக்கிடுதேன். மில்லுல இழை அறுந்துச்சுன்னா கண்ணுக்கு முந்தி வெரலுக்குத் தெரிஞ்சிரும். முடியும் அப்பிடித்தான இருக்கு. எந்தப் பக்கம் சாயுது, எங்க திரும்புதுன்னு வெரலுக்குத் தெரியுது. கத்தி அது பொறவால போகுது, அம்புட்டுத்தான்."

சங்கிலி கண்ணால் பார்த்து வேலை செய்தவர். கண்ணாடியிலும் பார்ப்பார், நேரிலும் பார்ப்பார். விரலை முன்னால் அனுப்பி வழி கேட்டுவிட்டுக் கத்தியைக் கொண்டுபோகலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவராகவும் கண்டுபிடித்ததில்லை. எங்கேயோ நூல் மில்லில் பழகிய விரல் தன் முகத்தில் வந்து இதைக் கண்டுபிடித்திருக்கிறது. அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாவு ஒட்டிய சாதாரணக் கைதான். அவருக்கு அது கும்பிடுகிற பொருளாகப்பட்டது.

"இனிமே ரெண்டு பக்கத்துக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்" என்றார்.

தோசை கருகிவிட்டது.

கடை திறந்தார்கள். கூட்டம் வந்து மொய்த்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் குழந்தைகள்தான் வந்தார்கள். ஆண் ஆட்கள் கையில் அலறுகிற பிள்ளைகள் மாரிச்செல்வி கையில் சும்மா இருக்கிறார்கள் என்று தாய்மார்கள் கூட்டி வந்தார்கள். பிறகு தயங்கித் தயங்கி ஆண்களும் முடி வெட்டிக்கொள்ள வந்தார்கள். ஆனால் "கட்டிங் மட்டும் போதும்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள். சேவிங் என்ற பேச்சே வராது. எதிர் டீக்கடையில் இதே கதைதான். "பொம்பள கையில கத்தியக் குடுத்துட்டு அண்ணாந்து கழுத்த நீட்டுறதா? வீட்டுல நீட்டுறது பத்தாதா?" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் டீயைத் துப்புகிற அளவுக்குச் சிரிப்பார்கள். எல்லாம் கடைக்குள் கேட்கும். மாரிச்செல்வி கத்தியைத் துடைத்துத் துடைத்து வைப்பாள்.

சேவிங் இல்லாத சலூன் எத்தனை நாளைக்கு ஓடும்? காலையில் வேலைக்குப் போகிறவர்கள் சவரத்துக்குத்தான் வருவார்கள். அவர்கள் வராமல் பெஞ்சு காலியாகவே கிடந்தது. ஆடிப்பூரத்துக்குக் கோயிலில் கொடி ஏறிவிட்டது. மொபைல் கடைக்காரர் ஒருநாள் டேப்போடு வந்து கடையின் முன்பக்கத்தை அளந்துகொண்டு போனார். எங்கே எந்தக் கண்ணாடி அலமாரி வரும் என்று கூட வந்தவரிடம் சத்தமாகவே சொன்னார். சங்கிலி பார்க்காத மாதிரி பேப்பர் படித்தார்.

அந்த வாரத்தில் நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குத் திருவிழாவுக்காக பெங்களூரிலிருந்து மகளும் பேத்தியும் வந்திறங்கினார்கள். பேத்திக்கு இரண்டு வயது. தாத்தாவைப் பார்த்ததும் வீல் என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பொம்மை காட்டினார், வரவில்லை. பால்கோவா நீட்டினார், கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது. ஊரெல்லாம் கேலி பேசியபோது அசையாத மனிதர் அன்று ராத்திரி தூங்கவே இல்லையாம்.

மறுநாள் காலையில் வெள்ளை வேட்டியும் தாடியுமாக அவர் தெருவில் நடந்து வருவதை டீக்கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நேரே கடைக்குள் வந்தார். செருப்பைக் கழற்றினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்மா மாரி, கத்தி வை."

மாரிச்செல்வி புருஷனைப் பார்த்தாள். சங்கிலி பதறி எழுந்தார். "மொதலாளி, உங்களுக்குச் சுகரு..."

"தெரியும்லே. உக்காரு."

டீக்கடையிலிருந்து ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். உள்ளே வர ஒருவருக்கும் தைரியம் இல்லை. இங்கே ஒரு கீறல் விழுந்தால் போதும், நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் குழந்தைகள்கூட வரமாட்டார்கள். சங்கிலி பெஞ்சில் உட்கார்ந்து, அசையாத கையை அசையும் கையால் பிடித்துக்கொண்டார்.

மாரிச்செல்வி முதலில் தாடியை மெஷினால் ஒட்ட எடுத்தாள். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டு மூடினாள். நுரையை நிதானமாகக் குழைத்துத் தடவினாள். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் நவநீதகிருஷ்ணன் விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். தொண்டை முடிச்சு மேலும் கீழும் ஏறி இறங்கியது. அவள் கத்தியை எடுத்து, இடது கை நடுவிரலைக் கன்னத்தில் வைத்தாள். விரல் முன்னே போயிற்று, கத்தி பின்னே போயிற்று. ஒரு கன்னம் முடிந்தது. மறு கன்னமும் முடிந்தது.

இனிக் கழுத்து. நவநீதகிருஷ்ணன் கழுத்தில், இடது தாடைக்குக் கீழே, முடி வட்டமாகச் சுற்றி வளர்ந்திருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆரம்ப காலத்தில் அந்த இடத்தில் சங்கிலியே அவரை இரண்டொரு தரம் வெட்டியிருக்கிறார். அந்தப் புண் ஆற எத்தனை நாளாயிற்று என்றும் அவருக்குத் தெரியும். அதைப் பழக வருஷங்கள் பிடித்தது. இதை அவளுக்குச் சொல்லவே இல்லையே! இப்போது சொன்னால், கத்தி கழுத்தில் இருக்கும்போது அவள் கவனம் இங்கே திரும்பும். சொல்லாவிட்டால்... அவர் நாக்கைப் பல்லுக்கு நடுவே கடித்துக்கொண்டார்.

விரல் தாடைக்குக் கீழே இறங்கியது. அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு மெல்ல ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தது. மாரிச்செல்வி தான் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டு, கத்தியை வேறு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, அந்தச் சுழியோடு சேர்ந்தே சுற்றி வழித்தெடுத்தாள். ரத்தம் இல்லை. சிவப்புகூட இல்லை. தனக்கு வருஷங்கள் பிடித்த பாடத்தை ஒரு மூச்சுக்குள் படித்துவிட்டவளைச் சங்கிலி பார்த்தார். இவளோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினோமா என்றிருந்தது. அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை.

அப்போதுதான் கர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் விசிறியைப் பார்த்தார்கள். சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த நவநீதகிருஷ்ணனின் கைகள் எப்போதோ நழுவி மடியில் விழுந்திருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. மனிதர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். புதுக் கையிடம் முகம் கொடுக்கிறவர்கள் கண்ணை மூடினாலும் கழுத்தை இறுக்கியே வைத்திருப்பார்கள். தூக்கம் வருகிறதென்றால், கத்தி இருப்பதையே உடம்பு மறந்துவிட்டது என்று அர்த்தம்.

தூங்குகிறவர் திடுக்கிட்டு விழிப்பார், அதனால் எழுப்பிவிட்டுத்தான் கழுத்தைத் தொட வேண்டும் என்பது தொழிலில் பால பாடம். வலது காதுக்குக் கீழே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எழுப்பு என்று சொல்லச் சங்கிலி வாயெடுத்தார். அதற்குள் மாரிச்செல்வி கத்தியை மடக்கித் துணிமேல் வைத்துவிட்டாள். நுரை காய்ந்துவிடாமல் வெந்நீர்த் துண்டின் ஓரத்தால் ஒற்றி ஈரப்படுத்திவிட்டு, அவர் தானாக விழிக்கட்டும் என்று சும்மா நின்றாள். வாசலில் ஒருவருடைய போன் அடித்தது. மற்றவர்கள் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

செத்த நேரம் கழித்து நவநீதகிருஷ்ணன் கண்ணைத் திறக்காமலே அசைந்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு மொதலாளி" என்றாள் மாரிச்செல்வி தணிந்த குரலில்.

"மெல்லகா சேயம்மா" என்று அரைத்தூக்கத்தில் தன் வீட்டுத் தெலுங்கில் சொன்னார். மெதுவா செய்யம்மா என்று மகளிடம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டு, தலையைத் தானே பின்னால் சாய்த்துக் கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்தார்.

மாரிச்செல்வி கத்தியை எடுத்தாள். வாசலில் நின்றவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தாடையைத் தடவிக்கொண்டே இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். "எனக்கு அடுத்து நீ" என்று தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டார்கள். கடைசியாக வந்தவருக்கு உட்கார இடமில்லை. சங்கிலிப்பாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு நின்றார்.